வாசம் ஏறிய விதைநெல்

பாசித்துக்குத் தன் மூக்கைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. வயசில் பாதியை ஷார்ஜாவில் ஓர் அத்தர் கடையில் கழித்தவன். குப்பியின் மூடியை மோந்து பார்த்தே உள்ளே இருப்பது எந்த ஊர்ச் சரக்கு, எதில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். அவனைப் பெற்ற அத்தா மூஸா படுக்கையில் விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டிக்கு வந்து அரிசிக்கடையில் உட்கார்ந்தான். இந்த மூக்கை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

வழி காட்டியது வண்டுதான். சித்திரை பிறந்தால் போதும், கடையில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளின் தையல் ஓரத்தில் கறுப்பு கறுப்பாய் ஊர ஆரம்பித்துவிடும். வாங்கிப் போனவர்கள் மூட்டையோடு திரும்பி வந்து முகத்துக்கு நேரே கொட்டிக் காட்டுவார்கள். மற்ற கடைக்காரர்கள் பூச்சிமருந்து மாத்திரை வைத்து மூடினார்கள். பாசித்துக்கு அந்த மாத்திரையின் நாற்றமே ஆகாது. கொடைக்கானல் பக்கமிருந்து நீலகிரித் தைலமும் எலுமிச்சம்புல் எண்ணெயும் வரவழைத்தான். கிராம்பு எண்ணெய் கொஞ்சம், வசம்பு எண்ணெய் கொஞ்சம். மரத்தூளில் ஊறவைத்து, சின்னத் துணிப்பைகளில் கட்டி, மூட்டை வாயில் செருகி வைத்தான். எது எவ்வளவு என்று அளவெல்லாம் இல்லை, மூக்கு போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்திக்கொண்டான். வண்டு சாகவில்லை. ஆனால் வாசம் பொறுக்காமல் மூட்டையை விட்டு இறங்கி, சுவரேறிப் போயிற்று. அரிசியை இரண்டு தண்ணீர் அலசினால் வாசமும் போய்விட்டது.

பைகளைத் தைத்தவள் அவன் மனைவி சாஜிதா. முதலில் கடைக்கு மட்டும் தைத்தாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தைத்தாள். நீடாமங்கலத்தில் ஒரு மளிகைக்கடை கேட்டது, சீர்காழியில் ஒன்று கேட்டது. ஊரில் அவனை வண்டு பாய் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் அதைக் கோபித்துக்கொள்ளவில்லை.

தங்கம்மாள் அந்தச் சமயத்தில்தான் கடைக்கு வந்தாள்.

முள்ளியாற்றை ஒட்டின மேலத்தெருக்காரி அவள். பாசித்தைவிட சில வயது மூத்தவள், சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அக்கா. அவளுடைய அம்மா பண்ணையில் நாற்று நட்டுக் கூலிநெல்லுக்கு முந்தானை பிடித்தவள். தங்கம்மாளும் அவள் புருஷன் கண்ணுசாமியும் குத்தகைக்கு உழுது உழுதே, அதே பண்ணையின் ஒரு துண்டை விலைக்கு வாங்கியிருந்தார்கள். அதில் சம்பாவுக்கு ஆயிரத்தொன்பது என்கிற நெல் ரகம் போட்டு, கலப்புப் பயிரைப் பிடுங்கி, பதர் தூற்றி, விதைக்கென்று எடுத்து வைப்பாள். அவள் கொடுத்த விதை பழுதுபோனதில்லை. மேலத்தெருவே அவளிடம்தான் வாங்கும். சில வருஷமாய், பண்ணைவீட்டுக்காரர்களின் பேரன்களும் ஆடி மாசம் பைக்கை நிறுத்திவிட்டு அவள் வாசலில் நின்றார்கள். அவள் அதைப் பெருமையாய் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் நல்ல சேலை கட்டியிருப்பாள் என்பது தெருவுக்கே தெரியும்.

விதை மூட்டைகள் அவள் காலனி வீட்டின் கூடத்தில்தான் இருக்கும். வேறு இடம் கிடையாது. வருஷா வருஷம் நெல்லைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு மாத்திரை வைத்துவிட்டு, சில நாள் எல்லோரும் வெளியே படுப்பார்கள். இந்த வருஷம் அது முடியாது. மகள் அறிவுமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அந்த மாத்திரையை எப்படி வைப்பது?

"உங்க எண்ணெய் நெல்லுக்குக் கேக்குமா தம்பி?" என்று தங்கம்மாள் கேட்டாள்.

பாசித் அதை அரிசியில்தான் வைத்துப் பார்த்திருந்தான். நெல்லில் வைத்ததில்லை, விதைநெல்லில் வைக்க நினைத்ததுகூட இல்லை. ஆனால் மேலத்தெருவுக்கே விதை கொடுக்கிறவள் தன் கடைப்படியேறி வந்து கேட்கிறாள். கேக்கும் அக்கா, கவலைய விடுங்க என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே பைகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

அறிவுமதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தபடி அவன் பைகளைச் செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்கிற மாதிரி கேட்டாள்.

"மாமா, இது விதைக்கு வைக்கிறது. முளைப்பு எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?"

பாசித்துக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டே, வாசனை எண்ணெய்தானேம்மா, இது என்ன விஷமா என்றான். ஒரு மூட்டைக்கு மட்டும் முதலில் வைத்துப் பார்க்கலாமே என்று அவள் மறுபடி சொல்ல வாயெடுத்தாள். தங்கம்மாள், தம்பிக்குத் தெரியாததா, நீ சும்மா இரு என்று அடக்கிவிட்டாள். அந்த வார்த்தை அப்போது பாசித்துக்கு இனிப்பாக இருந்தது.

பங்குனி முழுக்க ஒன்றும் இல்லை. சித்திரையில் ஒருநாள் தங்கம்மாள் போன் பண்ணினாள். ஒரு மூட்டையில் அந்து பறக்கிறது என்றாள். குறையாகச் சொல்லவில்லை, என்ன செய்யலாம் என்றுதான் கேட்டாள். ஆனால் பாசித் அன்று மத்தியானச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலில் எண்ணெய் ஆவியாய்ப் போய்விடுகிறது, பைக்குள் வைத்தால் நிற்காது என்று கண்டுபிடித்தான். எண்ணெயைக் கூட்டினான். கிராம்பையும் எலுமிச்சம்புல்லையும் தாராளமாகவே சேர்த்து, சலித்த சாம்பலில் பிசைந்து, டின்னில் எடுத்துக்கொண்டு போனான். அவனும் கண்ணுசாமியும் மூட்டைகளைப் பிரித்துத் தரையில் கொட்டி, நெல்லோடு நெல்லாய்ப் புரட்டிக் கலந்து, மறுபடி கட்டினார்கள். கூடமே கமகமவென்று இருந்தது. கண்ணுசாமி தும்மிக்கொண்டே, கல்யாண வீடு மாதிரி இருக்கே பாய் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு அந்துகூடப் பறக்கவில்லை. பக்கத்து வீடுகளில் நெல்மூட்டையைத் தட்டினால் சாம்பல் பறப்பது போல் பூச்சி பறந்தது. தங்கம்மாள் வீட்டு நெல்லைக் கையில் அள்ளினால் துளை இல்லை, தூசி இல்லை. தெருவில் உள்ளவர்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அறிவுமதிக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதைப் பார்க்கப் போன சாஜிதாவிடம் தங்கம்மாள், உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல இந்தப் புள்ள நல்ல காத்துல தூங்குது என்று சொல்லியனுப்பினாள். பாசித் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ஆடிக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேலத்தெருவில் எல்லோரும் வழக்கம்போல் தங்கம்மாளிடம் விதை வாங்கினார்கள். நாற்றங்கால் தயாராக இருந்தது. நெல்லை ஒரு பகலும் இரவும் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைத்தார்கள். மறுநாள் சாக்கைப் பிரித்தால் உள்ளே கதகதவென்று இருக்க வேண்டும், நெல்லின் நுனியில் வெள்ளை வெள்ளையாய் மூக்கு விட்டிருக்க வேண்டும்.

பிரித்தபோது சில்லென்று இருந்தது. கை விட்டுக் கிளறினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளை, மற்றதெல்லாம் ஊறின நெல்லாகவே கிடந்தது. இன்னொரு நாள் பார்ப்போம் என்று மறுபடி மூடினார்கள். இன்னொரு நாளும் அப்படியே. ஒரு வீட்டில் இல்லை, வாங்கின அத்தனை வீட்டிலும்.

பாசித்தைக் கூப்பிட ஆள் வந்தது. அவன் போனபோது தங்கம்மாள் வீட்டு வாசலில் கூட்டமாய் நின்றிருந்தார்கள். முதலில் பேசியவர் விதை வாங்கினவர்களில் ஒருவரான ரெத்தினம். பொதுவாக அமைதியான மனுஷர். இரண்டு கையிலும் ஊறின நெல்லை அள்ளி வைத்திருந்தார். பாய், உங்க மருந்து ஏதும் பண்ணியிருக்குமா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பாசித் அந்த நெல்லை வாங்கி மோந்தான். ஊறி, வடிந்து, இரண்டு நாள் கழித்தும் கிராம்பின் காரம் மூக்கில் ஏறியது. அந்த நொடியே அவனுக்குப் புரிந்துவிட்டது. அறிவுமதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவன் ஒத்துக்கொண்டிருப்பானோ என்னவோ.

"நெல்லு காய்ச்சல் பத்தலைக்கா" என்றான். "தை மாசம் அறுத்தப்ப மழை தூறுச்சுல்ல. ஈரத்தோட கட்டியிருப்பீங்க. உள்ளயே வெந்துபோச்சு."

வாயிலிருந்து வந்தபிறகு அவனாலேயே அதை நிறுத்த முடியவில்லை. எண்ணெய்க்கும் முளைப்புக்கும் சம்பந்தமே இல்லை, வெளிநாட்டிலெல்லாம் இதைத்தான் வைக்கிறார்கள் என்றும் சொன்னான்.

தங்கம்மாள் அவனைப் பார்த்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஆமா, கடைசிக் காய்ச்சல் சரியில்லைதான், எனக்கே மனசுல ஒரு உறுத்தல் இருந்துச்சு என்றாள். கண்ணுசாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அதோடு கூட்டம் கலைந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. மேலத்தெருவில் திட்டமாட்டார்கள்.

பாசித் வீட்டுக்கு வந்து, ரைஸ்மில்லிலிருந்து புது நெல் ஒரு பை கொண்டுவரச் சொன்னான். இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் அந்தச் சாம்பலைப் பிசறி டப்பாவில் போட்டு மூடினான். சில நாள் கழித்து இரண்டையும் தனித்தனி டம்ளரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்படி ஜன்னலில் வைத்தான். சாதா நெல் பொலபொலவென்று முளைவிட்டது. எண்ணெய் நெல் ஊமையாய்க் கிடந்தது. பூச்சியை அண்டவிடாத காரமே நெல்லின் குருத்தையும் கருக்கியிருந்தது.

சாஜிதா இரண்டு முடிச்சையும் பிரித்துப் பார்த்தாள்.

"இதைப் பங்குனியிலயே பண்ணிப் பாத்திருக்கலாம்லங்க" என்றாள்.

அவ்வளவு சின்ன வேலை. இரண்டு டம்ளரும் ஒரு முழத்துணியும். நாளைக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் பாசித் சொன்னான்.

நாளைக்குப் போகவில்லை. அன்று கடையில் சரக்கு இறங்கியது. அடுத்த நாள் அத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதற்கடுத்து, எல்லோரும் விதை தேடும் மும்முரத்தில் இருப்பார்கள், இப்போது போய் என்ன பேசுவது என்று தோன்றியது. சாஜிதா ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் பை தைப்பதையும் விட்டுவிட்டாள். தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்தாள். கேட்ட கடைகளுக்கெல்லாம் சரக்கு இல்லை என்று பாசித்தே போனில் சொல்ல வேண்டியதாயிற்று.

மேலத்தெருக்காரர்கள் அலைந்து திரிந்து கிடைத்த விதையை வாங்கி விதைத்தார்கள். நடவு ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. முன்னாடியே நட்டிருந்த பக்கத்து வயல்களில் பயிர் முழங்காலுக்கு வளர்ந்திருந்தபோது, மேலத்தெரு வயல்களில் அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. கார்த்திகையில் விடாமல் மழை கொட்டியது. வளர்ந்த பயிர் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு தப்பித்தது. இளம்பயிர் மூழ்கிற்று. வடிகால் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் இறங்குவதற்குள் பாதி அழுகிப்போயிற்று. பாசித் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்காரவில்லை.

தங்கம்மாளைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கடைக்கு வருகிறவர்கள் மூலமாகவே அவன் காதுக்கு வந்தது. கெட்ட வார்த்தையாய் யாரும் பேசவில்லை. பேரப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் கவனம் சிதறிவிட்டது என்றார்கள். கைராசி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். காய்ச்சல் பார்க்கத் தெரியாதவளா அவள், வயசாகிறதல்லவா என்று இன்னொருவர் இரக்கப்பட்டார். பாசித் அரிசி அளந்து போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் சொல்லவில்லை.

கடைசியில் அவன் சொல்லப் போனது மாசி மாசம், அறுப்பு முடிந்த பிறகு. எதனால் அன்றைக்குப் போனான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தங்கம்மாள் விளைந்த கொஞ்ச நெல்லையும் மொத்தமாய்க் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட்டாள், விதைக்கென்று ஒரு மூட்டைகூட எடுத்து வைக்கவில்லை என்று காலையில் யாரோ சொன்னார்கள். கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனான்.

கொள்முதல் நிலையத்தில் நெல் குவியல் குவியலாய்க் கிடந்தது. ஒவ்வொரு குவியல் பக்கத்திலும் தார்ப்பாய் விரித்து ஆட்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள். தங்கம்மாள் தன் குவியலோரம் குந்தியிருந்தாள். கொஞ்சம் தள்ளி ரெத்தினம் இருந்தார். பாசித் அவள் எதிரில் அவளைப் போலவே குந்திக்கொண்டான்.

எண்ணெய்தான் காரணம் என்றான். வீட்டில் சோதித்துப் பார்த்ததை, ஆவணியிலேயே தெரிந்துகொண்டதை, வராமல் இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

"தெரியும் பாய்" என்றாள்.

தம்பி என்றுதான் அவள் கூப்பிட்டு அவனுக்குப் பழக்கம்.

எண்ணெய் கலக்கிறதுக்கு முன்னாடி கூட்டிவாரின நெல் கொஞ்சம் முறத்தில் கிடந்ததாம். கூட்டம் கலைந்த அன்றைக்கே அதை ஊறப்போட்டுப் பார்த்தாளாம். ஒன்று தவறாமல் முளைத்ததாம்.

"அப்ப ஏன்க்கா நீங்க எதுவும் சொல்லல?"

அவள் நெல்லைக் கையால் தள்ளி ஒழுங்குபடுத்திக்கொண்டே பேசினாள்.

"அத்தனை பேரு முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்க மனசு வரல. உங்க கடைக்கு அப்புறம் யாரு வருவாங்க? புள்ளைக்காக ஓடிவந்து செஞ்ச மனுஷன்னு நெனச்சேன். பயத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு, மறுநாள் வந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் வரைக்கும் வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன்."

பாசித் எழுந்தான். ரெத்தினத்திடம் போய்ச் சொன்னான். அங்கே இருந்த மேலத்தெருக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான். நெல்லில் குற்றம் இல்லை, அக்காவின் கையில் குற்றம் இல்லை, என் எண்ணெய்தான் முளையைக் கருக்கியது, எனக்கு அப்போதே தெரியும் என்றான். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே கேட்டார். இன்னொருவர் தராசுப் பக்கம் முறை வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார். ரெத்தினம்தான் கடைசியில் பேசினார்.

"இப்ப சொல்றீங்க பாய். இப்ப யாருக்கு என்ன?"

கோபமாய்ச் சொல்லியிருந்தால் பாசித்துக்குத் தேவலையாய் இருந்திருக்கும்.

அவன் தங்கம்மாளிடமே திரும்பி வந்தான். ஒரு மூட்டையாவது விதைக்கு வையுங்கள் அக்கா, நானே வீடு வீடாய்ப் போய்ச் சொல்கிறேன், எல்லோரும் வருவார்கள் என்று கெஞ்சினான். அவள் தலையை ஆட்டினாள். வெள்ளத்தில் பட்ட நெல், விதைக்கு ஆகாது என்றாள். அடுத்த வருஷத்துக்கு என்று அவன் ஆரம்பித்தான். பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்க்கலாமில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குக் கேட்டது. அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. சுமைக்காரர்கள் கூடையோடு வந்து குவியலில் இறங்கினார்கள். கண்ணுசாமி சாக்கை விரித்துப் பிடித்தார். பாசித் ஒரு கூடையைத் தூக்கப் போனான். சட்டையெல்லாம் அழுக்காயிடும், நீங்க நில்லுங்க என்று அவர் மரியாதையாய்ச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பாசித் இப்போதும் அந்தப் பைகளை விற்கிறான். சாஜிதா மறுபடி தைக்கிறாள். ஆனால் ஒவ்வொரு பையிலும், இது அரிசிக்கு மட்டும், விதைநெல்லில் வைக்கக்கூடாது என்று அச்சடித்து ஒட்டின பிறகுதான் தைப்பேன் என்று அவள் சொன்னாள். அப்படித்தான் நடக்கிறது. யாராவது ஏன் என்று கேட்டால் பாசித் கல்லாவைவிட்டு எழுந்து முழுக்கதையும் சொல்கிறான். தங்கம்மாளின் பெயரைச் சொல்லி, அவள் நெல்லில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது.

அந்த அறுப்புக்குப் பிறகு வந்த ஆடி மாசம் அரசாங்க டிப்போவில் விதைநெல் விற்றார்கள். டிப்போ அவன் கடைக்கு எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. வரிசை ரோடு வரைக்கும் வந்திருந்தது. மேலத்தெருக்காரர்கள் பலர் அதில் நின்றார்கள். நடுவில் தங்கம்மாள், இடுப்பில் பேத்தி, கையில் மடித்த சாக்கு. சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தாள். பாசித் இறங்கிப் போய் பக்கத்தில் நின்றான். குழந்தை அவன் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தது. தங்கம்மாள் அத்தாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சாஜிதாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவனும் அறிவுமதியைப் பற்றிக் கேட்டான். மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றாள். வரிசை நகர்ந்தது. அவள் குழந்தையின் விரலை அவன் சட்டையிலிருந்து விடுவித்துக்கொண்டு, முன்னாலிருந்தவரின் பின்னால் இரண்டு அடி நகர்ந்தாள்.